நீல இறகுத் தொப்பி

வுப்பர்டால்
2 ஏப்ரல் 2023

அன்புள்ள தங்கச்சி அன்னப்பிள்ளைக்கு,

தம்பித்துரை எழுதுகிறேன். ஓம், நானேதான். பக்கத்தில் இருந்து யாரும் சொல்லித் தரவில்லை. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். உன் சுகத்தையும் ஸ்கொட்லாந்துக் குளிரையும் பற்றி எழுது.

எழுபத்திரண்டு வயதில் இது என் முதல் கடிதம். காலைத் தேநீரோடு எழுத உட்கார்ந்தேன். இப்போது மகள் அஜிதா மதியச் சோற்றுக்குக் கூப்பிடுகிறாள். இத்தனை வருடமும் உணவகத்தில் கோப்பை கழுவினேன். கையெழுத்துக் கேட்டால் ஒரு கோடு இழுப்பேன். ஓய்வு கிடைத்ததும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போனேன். நிருஷா ரீச்சர், "பேரப்பிள்ளையைச் சேர்க்க வந்தனீங்களோ ஐயா?" என்றாள். "இல்லைப் பிள்ளை, என்னைத்தான்" என்றேன். ஆறு வயதுப் பிள்ளைகளோடு சின்னக் கதிரையில் இருந்து படித்தேன். ஒரு கதிரை உடைந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

தமிழ் பிடிபட்டதும் ஜெர்மன் எழுத்தையும் விடவில்லை. அதற்குக் காரணம் நீதான். மலை ஏரிகளில் நீ மீன் பிடிக்கும் கதையைத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. இந்த நாட்டில் நினைத்தவுடன் தூண்டில் போட ஏலாது. படித்துப் பரீட்சை எழுதவேண்டும். எழுதினேன். பாஸ்! என் படம் ஒட்டிய மீன்பிடி அட்டையில் என் பெயரை நானே எழுதியிருக்கிறேன். தொங்குரயிலில் எதிரே இருந்த ஒரு பெண்மணிக்கும் காட்டினேன். அவள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

மீனை ஏமாற்ற நீ தூண்டில் முள்ளில் கட்டும் பொய்ப் பூச்சிகளில் கொஞ்சம் அனுப்பு. பதிலைக் கடிதமாகவே எழுது. தொலைபேசியில் சொன்னால் நான் எப்படித் திரும்பத் திரும்ப வாசிப்பது?

உன் அண்ணன்,
தம்பித்துரை


இன்வர்னெஸ்
19 ஏப்ரல் 2023

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றே வாசித்தேன். பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. நான் சுகம். குளிர் பழகிய குளிர்தான். முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள். அஜிதாவின் பேச்சைக் கேளுங்கள்.

பஞ்சுக்குள் சுற்றி ஐந்து பூச்சிகள் வைத்திருக்கிறேன். சேவல் இறகும் என் பழைய கம்பளிச் சட்டையின் நூலும்தான். முள் கூரானது, உறையை மெதுவாகத் திறவுங்கள். பூச்சியை எறியாதீர்கள். பாரமெல்லாம் நூலில்தான், தூண்டில் தடியைப் பின்னால் கொண்டுபோய், நூல் நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் விடுங்கள். உண்மைப் பூச்சி களைத்து விழுவதுபோல அது தண்ணீரில் விழவேண்டும்.

நான் ஹோட்டலில் அறை துப்புரவாக்கிய காலத்தில் ஒரு விருந்தாளி விட்டுப்போன தடியில் பழகினேன். இப்போது அரை நாள் மலை ஏறி, வீடோ வீதியோ இல்லாத ஏரிகளுக்குத் தனியாகப் போகிறேன். அங்கே இருப்பது யாரும் வளர்த்துவிடாத காட்டு ட்ரவுட் மீன். பிடித்ததும் கையை நனைத்து, தண்ணீருக்குள் வைத்தே முள்ளை எடுத்து விட்டுவிடுவேன். அது ஒரு நிமிடம் என் உள்ளங்கையில் நின்று யோசித்துவிட்டுத்தான் போகும். அதற்காகத்தான் மலை ஏறுகிறேன்.

உங்கள் எழுத்து பெரிது. கண்ணாடி இல்லாமல் வாசித்தேன்.

அன்புத் தங்கை,
அன்னப்பிள்ளை


வுப்பர்டால்
21 மே 2023

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று வாசித்து நானும் சுகமானேன். முழங்காலும் இந்த மாதம் சண்டை போடவில்லை.

பிடித்துவிட்டேன்! ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறி சவர்லாண்ட் மலைக்குள் ஒரு ஏரிக்குப் போனேன். ஏரிக்கரைச் சாப்பாட்டுக் கடை அம்மாவிடம், அன்றைக்கு மட்டும் மீன் பிடிக்க விடும் நாள் அட்டை வாங்கவேண்டும். அந்தக் காட்டில் நீல இறகுப் பறவைகள் கத்திக்கொண்டே இருக்கும். ஒரு இறகு என் காலடியில் கிடந்தது, எடுத்துத் தொப்பியில் செருகினேன். பதினோராவது வீச்சில் உன் கம்பளி நூல் பூச்சியை ஒரு மீன் விழுங்கியது. தடி வளைந்தபோது நான் சத்தம் போட்டேன். காடு முழுதும் கேட்டிருக்கும்.

ஆனால் விட ஏலாது தங்கச்சி. இங்கே அளவான மீனைப் பிடித்தால் கொல்லவேண்டும். விளையாட்டுக்குப் பிடித்து, நோகடித்து, திரும்ப விடுவதுதான் குற்றம். அதற்கென்று இடுப்பில் ஒரு சின்ன மரப் பொல்லு வைத்திருக்கவேண்டும். கண்ணுக்கு மேலே, தலையில் ஒரே அடி. பிறகு உடனே கத்தியால் நெஞ்சில் குத்தி இரத்தத்தை விடவேண்டும். பரீட்சையில் இது வந்தது, சரியாக எழுதினேன். கையால் செய்யும்போது முதல் அடி பிழைத்துவிட்டது. மீன் துள்ளியது, ஒரு கண் வெளியே வந்தது. இரண்டாவது அடியில் உடம்பு முழுவதும் ஒரு நடுக்கம் ஓடி நின்றது. என் சட்டையெல்லாம் இரத்தம். பஸ் சாரதி என்னைப் பார்த்துவிட்டுக் கடைசி இருக்கையைக் கை காட்டினான்.

அஜிதா பொரித்தாள். மகன் சுலக்ஷன் தலையையும் விடாமல் தின்றான். "அப்பா, நீங்க இனிக் கொலைகாரன்" என்று சிரித்தான்.

உன் அண்ணன்,
தம்பித்துரை


இன்வர்னெஸ்
8 ஜூன் 2023

அன்புள்ள கொலைகார அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கிறேன். சட்டையை முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஊறவையுங்கள். சுடுதண்ணீர் பட்டால் இரத்தம் போகாது.

அந்தக் கண்ணைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கத் தேவையில்லை. அன்று எனக்கு மீன்குழம்பு இறங்கவில்லை. உங்கள் நாட்டுச் சட்டம் உங்களுக்கு. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரே ஒரு மீனை எனக்காக விடுங்கள். கையை நனைத்து, தண்ணீருக்குள் பிடித்து, அது போகும்வரை பார்த்திருங்கள். யார் காணப்போகிறார்கள்? அதற்குப் பிறகு எனக்கு எழுதுங்கள், அடித்தது நல்லதா விட்டது நல்லதா என்று.

புதிதாக மூன்று பூச்சி வைத்திருக்கிறேன்.

அன்புத் தங்கை,
அன்னப்பிள்ளை


வுப்பர்டால்
16 ஜூலை 2023

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

கல்லில் வழுக்கி விழுந்துவிட்டேன். வலது கையில் கட்டு. இது இடது கை எழுத்து. நிருஷா ரீச்சர் வந்து பார்த்து, "இடது கை இப்பதான் முதலாம் வகுப்பு ஐயா" என்றாள். ஆஸ்பத்திரியில் கதவுகளில் எழுதியிருந்த எல்லாவற்றையும் வாசித்தேன். நல்ல இடம்.

பூச்சிகள் நல்லவை. மீன் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

தம்பித்துரை


வுப்பர்டால்
24 ஜூலை 2023

அன்புள்ள மாமிக்கு,

அஜிதா எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதங்களை அப்பா தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். விலாசத்தை அதிலிருந்து எடுத்தேன்.

அப்பா விழவில்லை மாமி. ஏரிக்கரையில் அவரை யாரோ அடித்திருக்கிறார்கள். வலது கையில் மூன்று விரல் முறிந்தது, தலையில் ஒன்பது தையல், இரண்டு விலா எலும்பு. இரத்தத்தோடு வீதிவரை தவழ்ந்து வந்திருக்கிறார். நாள் அட்டை விற்கும் அம்மாதான் கண்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

பொலிஸில் சுலக்ஷன் அண்ணாதான் மொழிபெயர்த்தார். அப்பா, "முகத்தைப் பாக்கேல்லை" என்று மட்டும் சொன்னார். ஆள் தெரியாததால் விசாரணை நகரவில்லை. அண்ணா ஒவ்வொரு பின்னேரமும் அப்பாவின் கட்டிலுக்கு முன்னால் நின்று, "ஆர் அப்பா? எப்பிடி இருந்தவன்?" என்று கேட்கிறார். அப்பா பாடப் புத்தகத்தை எடுத்து வாசிக்கத் தொடங்குகிறார். நேற்று அண்ணா குளியலறைக் கதவைக் கையால் குத்தி உடைத்துவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்களுக்கு என்றால் அப்பா எழுதுவார்.

அன்புடன்,
அஜிதா


இன்வர்னெஸ்
1 ஆகஸ்ட் 2023

அண்ணை,

சுகமா என்று கேட்கமாட்டேன். அஜிதா எழுதிவிட்டாள்.

கல் என்று எனக்குப் பொய் எழுதத்தானா எழுத்துப் படித்தீர்கள்? என்ன நடந்தது? ஏன் அடித்தான்? முழுவதையும் எழுதுங்கள். எத்தனை நாள் எடுத்தாலும் பரவாயில்லை.

அன்னப்பிள்ளை


வுப்பர்டால்
27 ஆகஸ்ட் 2023

அன்புள்ள தங்கச்சிக்கு,

தையல் வெட்டியாயிற்று. விலாவும் மூச்சு விட இடம் தருகிறது. உன் கோபம் ஆறட்டும்.

இதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தே எழுதுகிறேன். சுலக்ஷன் எதிரே இருந்து கோப்பி குடிக்கிறான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "மாமிக்கோ?" என்று கேட்டான். "ஓம், மீன் கதை" என்றேன்.

அன்று நல்ல மீன் ஒன்று பிடித்தேன். முழங்கை நீளம், சிவப்புப் புள்ளிகள். நீ சொன்னபடி கையை நனைத்து, முள்ளை எடுத்து விட்டேன். அது என் கையில் நின்று யோசித்தது, தங்கச்சி. நீ எழுதியது உண்மை. அது போனபிறகும் கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அப்போது ஒருவன் ஏரிக்குள்ளால் நடந்து வந்தான். ஐம்பது வயது இருக்கும். பச்சைத் தொப்பி, அதில் நீல இறகு. இடது காலை இழுத்து நடந்தான். "ஏன் விட்டாய்?" என்று ஜெர்மனில் கத்தினான். "தங்கச்சிக்காக" என்றேன். "அட்டையைக் காட்டு" என்றான். எனக்குச் சந்தோசம். இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. எடுத்து, என் பெயரில் விரலை வைத்து, "நான் எழுதியது" என்று காட்டினேன். அவன் அதை வாங்கி ஏரிக்குள் வீசினான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அது என் பிழையாக இருக்கலாம்.

என் இடுப்பில் இருந்த பொல்லை உருவினான். முதல் அடி தலையில். விழுந்தேன். என் கையைக் கல்லின்மேல் இழுத்து வைத்து, முழங்காலால் அமத்திக்கொண்டு, "மீனை எப்படி அடிப்பது என்று காட்டுகிறேன், பார்" என்றான். விரல்கள் உடைந்த சத்தம் காய்ந்த விறகு முறிந்ததுபோல இருந்தது. ஆத்திரப்பட்டவனைப்போல அவன் அடிக்கவில்லை. பாடம் சொல்லித் தருகிறவனைப்போல ஆறுதலாக, அவசரமில்லாமல் அடித்தான். பிறகு விலாவில் உதைத்துவிட்டு, பொல்லை ஏரியில் கழுவி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். இரத்தத்தில் பூச்சிகள் வந்து இருந்தன. அவை உண்மைப் பூச்சிகள்.

பொலிஸில் மொழிபெயர்த்தது சுலக்ஷன். அவன் காதுக்குப் போகாமல் பொலிசுக்கு நான் எப்படிச் சொல்வது? ஆளைத் தெரிந்தால் அவன் கொன்றுவிடுவான். பிறகு நான் சிறைக்குப் போய்த்தான் பிள்ளையைப் பார்க்கவேண்டும். ஆகவே உனக்கு மட்டும் எழுதினேன். உன்னோடு இருக்கட்டும்.

மீனை விடச் சொன்னது உன் பிழை இல்லை. விட்டதுதான் நல்லது. நீ கேட்டதற்கு அதுதான் பதில்.

உன் அண்ணன்,
தம்பித்துரை


வுப்பர்டால்
8 ஒக்டோபர் 2023

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ சுகமா? ஆறு கிழமையாக உன் கடிதம் இல்லை. வலது கையில் பேனை பிடிக்கத் தொடங்கிவிட்டேன். மூன்று விரல் வளைந்தபடிதான் இருக்கும் என்று டொக்டர் சொன்னார். பேனைக்கு அந்த வளைவு வசதிதான்.

சென்ற சனிக்கிழமை சுலக்ஷனும் அவனுடைய சிநேகிதன் ஆரூரனும் ஏரிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஒருவன் கரையில் இருந்து தூண்டிலில் பூச்சி கட்டிக்கொண்டிருந்தான். கார்ச் சில்லுக் கழற்றும் இரும்பால் சுலக்ஷன் பின்னால் இருந்து அடித்தான். தாடை இரண்டாக உடைந்தது. பற்கள் புல்லில் கிடந்தன. ஆரூரன் கட்டிப்பிடித்து இழுத்திராவிட்டால் அந்த மனிதன் செத்திருப்பான். அவன் போலந்துக்காரன், வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவன். வயது முப்பது. அந்த ஏரிக்கு அன்றுதான் முதல் தடவை வந்தானாம்.

பொலிஸ் விட்டபிறகு சுலக்ஷன் வந்து என் காலடியில் இருந்தான். கையில் இரத்தம் காய்ந்திருந்தது. "தொப்பியில நீல இறகு இருந்தது அப்பா. இருந்தது!" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அந்தக் காட்டில் நீல இறகுப் பறவைகள் நிறைய என்று உனக்கு எழுதியிருக்கிறேன். என் தொப்பியிலும் ஒன்று இருக்கிறது.

இப்போது வழக்கு. ஆனாலும் அவன் அடங்கவில்லை. "இனி மீன் பிடிக்கத் தடைக்காலம். மார்ச்சில தடை எடுக்கிற முதல் நாள் எல்லாரும் வருவினம். அவனும் வருவான்" என்கிறான். அந்த இரும்பைப் பொலிஸ் எடுத்துக்கொண்டது. அவன் என் பொல்லைத் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டான்.

குளிர் வருகிறது. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அண்ணன்,
தம்பித்துரை


இன்வர்னெஸ்
17 டிசம்பர் 2023

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகமாக இல்லை. காய்ச்சல் ஒன்றும் கிடையாது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

நான்தான் சொன்னேன். என் மீனை விட்டதற்காக உங்கள் விரலைக் கல்லில் வைத்து உடைத்தான் என்று வாசித்த அன்றே சுலக்ஷனுக்குப் போன் எடுத்தேன். "மாமி, ஆளை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்றான். "பச்சைத் தொப்பி, நீல இறகு" என்றேன். இழுத்த காலை மறந்துவிட்டேன். ஆத்திரத்தில் இறகு மட்டும்தான் என் கண்ணில் நின்றது. "ரெண்டு கையையும் முறிச்சுப்போட்டு வா" என்றும் நானே சொன்னேன். இரவில் அந்தப் போலந்துப் பிள்ளையின் பற்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

நீங்கள் அன்றே தெரிந்துகொண்டீர்கள். என்னைக் கேட்காமல் கழுத்தை மூடச் சொன்னீர்கள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் ஏரிப் பக்கம் போகவில்லை. முன்பு கட்டிய பூச்சி ஒன்று மிச்சம் இருந்தது, வைத்திருக்கிறேன். மார்ச்சில் அவனைத் தனியாக விடாதீர்கள் அண்ணை. கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்னப்பிள்ளை


வுப்பர்டால்
24 மார்ச் 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். சுலக்ஷன் சுகம், வீட்டில்தான் இருக்கிறான். இதை முதலில் எழுதுகிறேன், நீ கடைசிவரை தேடவேண்டாம்.

முதல் நாள் அவனைத் தனியாக விடவில்லை. "நான் வந்தால்தானே ஆளைக் காட்டலாம்" என்றேன். காரில் போனோம். பொல்லு அவனுடைய அங்கிக்குள். என் புதிய அட்டை என் சட்டைப் பையில். கரையெல்லாம் ஆட்கள். சுலக்ஷன் தொப்பி தொப்பியாகப் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்பா, கண்டால் சொல்லுங்கோ. சொன்னால் காணும், மிச்சம் நான் பாக்கிறன்."

அவன் வந்தான். இப்போது நீலக் கம்பளித் தொப்பி, இறகு இல்லை. இடது காலை இழுத்துக்கொண்டு வந்து எனக்குப் பத்தடி தள்ளி நின்றான். என்னைக் கண்டதும் கையில் இருந்த நூல் நழுவியது. சுலக்ஷன் அவனைத் தாண்டி அப்பால் பார்த்தான். நான் நூலைத் தண்ணீருக்குள் விட்டேன்.

என் வாயில் சொல் வந்துவிட்டது, தங்கச்சி. "இவன்தான்." நாக்கு நுனிவரை வந்தது. அவன் மண்டை பிளந்து தண்ணீரில் கிடப்பதைப் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அந்த நேரம் தடி வளைந்தது. நீ கடைசியாக அனுப்பிய பூச்சி. வலைக்குள் இழுத்ததும் சுலக்ஷனிடம் கையை நீட்டி, "பொல்லைத் தா" என்றேன்.

"ஏன்?"

"மீனை அடிக்கவேணும். அளவான மீன். விட ஏலாது."

"கல்லால அடியுங்கோ அப்பா."

"கல்லாலை அடிக்கிறதில்லை. தா எண்டுறன். துடிக்குது!"

தந்துவிட்டான். அந்த மனிதன் பார்த்துக்கொண்டே நின்றான். வளைந்த விரல்களால் பொல்லை இறுக்கிப் பிடித்து அடித்தேன். ஒரே அடி. கண்ணுக்கு மேலே. பிறகு கத்தி. மீனை அடிக்க எனக்குத் தெரியும் என்று அவனும் கண்டான். பொல்லை இடுப்பில் செருகிக்கொண்டு, இரத்தக் கையோடு அவனிடம் நடந்தேன்.

வணக்கம் சொன்னேன். என் அட்டையை எடுத்துக் காட்டினேன். பிறகு கையை நீட்டி, "உன்னுடையது" என்று ஜெர்மனில் கேட்டேன். மீன்காரர்கள் இப்படிக் கேட்பது இங்கே வழக்கம்தான். அவன் என் பொல்லைப் பார்த்தான். பின்னால் நின்ற சுலக்ஷனைப் பார்த்தான். எடுத்துத் தந்தான்.

வாசித்தேன். சத்தமாக, எழுத்து எழுத்தாக. நீண்ட பெயர். நடுவில் தடக்குப்பட்டு, திரும்ப முதலில் இருந்து தொடங்கினேன். நான் முடிக்கும்வரை அவன் அசையவில்லை. பிறகு அட்டையை அவன் கையிலேயே கொடுத்தேன். ஏரியில் வீசவில்லை. வேண்டியதை எடுத்தாயிற்று.

"ஆர் அப்பா அது?" என்றான் சுலக்ஷன்.

"ஒரு மீன்காரன். பேர் கேட்டனான்."

"நாங்கள் இஞ்சை என்ன அலுவலா வந்தனாங்கள், நீங்க கூட்டாளி பிடிக்கிறியள்!"

திங்கட்கிழமை தனியாகப் பொலிசுக்குப் போனேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், தாளும் பேனையும் தாருங்கள் என்றேன். மத்தியானம்வரை எழுதினேன். பெயர், கால், தொப்பி, பொல்லு, கல், விரல். நான் மீனை விட்டதையும் எழுதினேன். அதற்குத் தண்டம் வந்தால் கட்டுவேன். அடுத்த நாள் அவனை வீட்டில் வைத்துப் பிடித்தார்கள்.

அன்று பின்னேரம் சுலக்ஷனிடம் சொன்னேன். சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்தான். "பக்கத்தில நிண்டவன் அப்பா! கை எட்டுற தூரத்தில நிண்டவன்!" என்று கத்தினான். கத்தி முடித்துவிட்டு என் விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதான். போலந்துப் பிள்ளைக்கு எப்படி எழுதுவது என்று நேற்று என்னைக் கேட்டான். அவனுக்கு ஜெர்மன் எழுத்து என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் என்னைத்தான் கேட்டான்.

மே மாதம் வா. பரீட்சை எழுதாமல் உனக்கு நாள் அட்டை தரமாட்டார்கள். கரையில் பக்கத்தில் இருந்து பார், நான் பிடிக்கிறேன். மீன் விடுவதைப் பற்றி மட்டும் அங்கே வாய் திறக்காதே.

அவனுடைய பெயர் என்ன என்று கேட்டு எழுதாதே. இந்த முறை உனக்குச் சொல்லமாட்டேன்.

கழுத்தை மூடிக்கொள்.

உன் அண்ணன்,
தம்பித்துரை